உயர்தரப் பரீட்சையை மறுபடியும் எழுதுவதா?

(தோட்டப் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

க.பொ.த. உயர்தரப் பெறுபேறு வந்தால் லயத்துக்கு லயம் ஒரே பேச்சுத்தான். "மூணு பாடமும் பாஸ், ஆனா கெம்பஸ் கிடைக்கல்ல. இன்னொருக்கா எழுதட்டுமா?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். எழுது என்றும் வேண்டாம் என்றும் எல்லாருக்கும் ஒரே பதில் சொல்ல எங்களால் முடியாது. எதைப் பார்த்துத் தீர்மானிப்பது என்று மட்டும் சொல்கிறோம்.

முதலில் விதிகள். பல்கலைக்கழகம் போவதற்கு மூன்று தடவைதான் கணக்கு. மூன்று பாடமும் ஒரே தடவையில் சித்தியடைய வேண்டும். போன முறை எடுத்த ஒரு 'ஏ'யை வைத்துக்கொண்டு மற்ற இரண்டை மட்டும் எழுதினால் பல்கலைக்கழகத்துக்குச் சரிவராது. பொதுச் சாதாரண பரீட்சையில் 30 புள்ளியும் வேண்டும்.

அடுத்தது இசட் புள்ளி. 2001 முதல் இதை வைத்துத்தான் பிள்ளைகளைத் தெரிவு செய்கிறார்கள். அந்த வருடம் அதே பாடத்தை எழுதிய எல்லாப் பிள்ளைகளோடும் ஒப்பிட்டு இதைக் கணிக்கிறார்கள். ஆகவே போன முறையைவிடப் பத்துப் புள்ளி கூட எடுத்தாலும், மற்றவர்களும் கூட எடுத்திருந்தால் பெரிய முன்னேற்றம் தெரியாது.

வெட்டுப்புள்ளியும் மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு. பல பாடநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி இந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன. கண்டி, மாத்தளை இல்லை. சொந்தக்காரப் பிள்ளை வேறு மாவட்டத்தில் இருந்தால், அதோடு உங்கள் பிள்ளையை ஒப்பிடாதீர்கள்.

இனி வீட்டில் உட்கார்ந்து மூன்று கேள்வி கேளுங்கள். ஒன்று: எங்கள் மாவட்ட வெட்டுப்புள்ளிக்கு எவ்வளவு குறைவு? கொஞ்சம்தான் குறைவென்றால் நம்பிக்கை உண்டு. இரண்டு: ஏன் குறைந்தது? காய்ச்சலோடு எழுதினதா, பாடத்துக்கு ஆசிரியர் இல்லாமல் போனதா, பாடமே பிள்ளைக்கு ஒத்துவரவில்லையா? காரணம் மாறாவிட்டால் பெறுபேறும் மாறாது. மூன்று: இன்னொரு வருடம் வீடு தாங்குமா? டியூசன் காசு, பஸ் காசு யார் சம்பளத்தில்? அம்மா ஞாயிற்றுக்கிழமையும் கைக்காசுக்குக் கொழுந்து பறித்துத்தான் கட்ட வேண்டுமென்றால், அதைப் பிள்ளையின் முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள். மறைக்க வேண்டாம்.

புள்ளியில் சந்தேகம் இருந்தால், பரீட்சைத் திணைக்களம் சொல்லும் திகதிக்குள் மீள்பரிசீலனைக்கு விண்ணப்பியுங்கள். மறுபடி எழுதுவதைவிட அது சின்னச் செலவு.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறோம். கையில் வந்த இடத்தை அவசரப்பட்டு விடாதீர்கள். ஒவ்வொரு வருட அனுமதியும் அந்தந்தப் பரீட்சைப் பெறுபேற்றின்படிதான். இந்த வருடம் கிடைத்த பாடநெறியை வேண்டாம் என்றுவிட்டு, அடுத்த முறை புள்ளி குறைந்தபின் திரும்பிக் கேட்க முடியாது. பதிந்த பின் இன்னொன்றுக்கு விண்ணப்பிக்கவும் கட்டுப்பாடு உண்டு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை வாசித்த பிறகே பதியுங்கள்.

பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரிக்குத் தெரிவானால், "கெம்பஸ் இல்லையே" என்று அதைச் சின்னதாக நினைக்காதீர்கள். நம் பாடசாலைகளுக்கு எத்தனையோ ஆசிரியர்களை அந்தக் கல்லூரி தந்திருக்கிறது.

ஊர் என்ன சொல்லும் என்ற வெட்கத்தில் பரீட்சை எழுத வைக்காதீர்கள். வறுமைக்குப் பயந்து, எழுதக்கூடிய பிள்ளையை நிறுத்தவும் வேண்டாம். பெறுபேற்றுத் தாளை எடுத்துக்கொண்டு பிள்ளையோடு எங்கள் ஒப்பீசுக்கு வாருங்கள். கணக்கைச் சேர்ந்து பார்ப்போம்.