லட்டு ஏந்தும் சிறுமி
(நம் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இரயில்வே அலுவலகத்தில் பேரேட்டில் எண்களை எழுதிக் காலங்கழிக்கும் நமக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லை. எனினும், குழந்தைகள் காணும் கார்ட்டூன் படங்களில் பெண்பிள்ளைகள் பெறும் இடம் என்னும் இத்தலைப்பைச் செயலாளரிடம் நாமே கேட்டுப் பெற்றோம். காரணம் உண்டு.

சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலை, தளேகாவ் நிலையத்தில் இறங்கிச் சாகண் வந்து சேர்ந்தபொழுது, காலனி முற்றத்தில் சிறுவர்கள் 'சோட்டா பீம்' ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தனர். ஒருவன் பீம், ஒருவன் ராஜு, சுவரேறி நின்றவன் குரங்கு ஜக்கு. எட்டு வயதான நம் இளைய மகளுக்குச் சுட்கி வேடம். அவள் கையில் காகித உருண்டைகள் நிறைந்த ஒரு தட்டு. பீம் களைப்புறும்பொழுதெல்லாம் ஓடிச்சென்று லட்டு கொடுப்பதே அவள் வேலை. அன்றிரவு உணவின்போது அவள் கேட்டாள்: "அப்பா, அந்த லட்டை நானே தின்றால் எனக்கும் பலம் வருமா?"

நமக்கு விடை தோன்றவில்லை.

ஐதராபாத்தில் ராஜீவ் சிலகா உருவாக்கிய இத்தொடர் 2008-இல் ஒளிபரப்பாகத் தொடங்கியது. சுட்கி என்றால் இந்தியில் சிட்டிகை என்று பொருள். அவள் அறிவுள்ள சிறுமிதான், அன்புள்ளவள்தான். ஆயினும் பீமுடன் நாள்தோறும் சுற்றும் கூட்டத்தில் பெண் அவள் ஒருத்தியே. அமெரிக்க எழுத்தாளர் கேதா பாலிட் 1991-லேயே இவ்வழக்கத்தைச் சுட்டிக்காட்டி, 'ஸ்மர்ஃபெட் விதி' என்று பெயரும் இட்டார். ஆண்களில் ஒருவன் வீரன், ஒருவன் கோமாளி, ஒருவன் பெருந்தீனிக்காரன். பெண்ணோ, பெண் என்பதற்காகவே அங்கே இருக்கிறாள்.

பழைய படங்கள்தாம் இப்படி, புதியவை திருந்திவிட்டன என்று சிலர் கூறுவர். கணக்கு அவ்வாறு காட்டவில்லை. கார்மென் ஃபாட், கேரன் ஐசன்ஹவர் என்ற இரு மொழியியலார் டிஸ்னி இளவரசிப் படங்களில் பேசப்படும் சொற்களை எண்ணி, 2016-இல் வெளியிட்டனர். 1959-இல் வந்த 'ஸ்லீப்பிங் பியூட்டி'யில் நூற்றுக்கு 71 சொற்கள் பெண்களுடையவை. 1989-இல் வந்த 'லிட்டில் மெர்மெய்ட்'டில் 68 சொற்கள் ஆண்களுடையவை. நாயகியோ தன் குரலையே கொடுத்துவிடுகிறாள்! இரு சகோதரிகளின் கதையான 'ஃப்ரோசன்' (2013) படத்திலும் ஆண்களின் பங்கு 59.

மாற்று வழி அயல்நாட்டில்தான் பிறக்கவேண்டும் என்பதில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்று, நம்மைப் போலவே மராட்டிய மண்ணுக்கு வந்து, 1956-இல் பம்பாய் பிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் சேர்ந்தவர் ராம் மோகன். யுனிசெஃப் நிறுவனத்திற்காக 1990-களில் உருவான 'மீனா' படங்களுக்கு உயிரூட்டியவர் அவர். மீனாவைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. அவள் தன் கிளியை அனுப்பிப் பாடம் கேட்டுவரச் செய்கிறாள். அவ்வாறு கற்ற எண்ணிக்கையால் வீட்டுக் கோழிகளை எண்ணுகிறாள், ஒன்று குறைகிறது, திருடன் அகப்படுகிறான். சாவித்திரிபாய் புலே 1848-இல் பெண்களுக்குக் கற்பித்த புணேயின் அருகில் வாழும் நமக்கு இக்கதையின் சுவை நன்றாகவே புரியும். எண் எழுதிப் பிழைக்கும் நமக்கோ அந்தக் கோழிக் கணக்கு தனி மகிழ்ச்சி.

படம் எடுப்போரைக் குறை கூறிவிட்டு அமர்ந்துவிடலாம் என்றுதான் முதலில் எண்ணினோம். ஆனால் சென்ற ஆண்டு விழாவின் நிகழ்ச்சி நிரலை எடுத்துப் பார்த்தோம். அதைத் தட்டச்சு செய்தவரும் நாமே. வாயிலில் சந்தனம், கற்கண்டு: சிறுமியர். கோலம்: சிறுமியர். வரவேற்பு நடனம்: சிறுமியர். மேடை அறிவிப்பு, பேச்சுப் போட்டி, நாடகத்தில் கட்டபொம்மன்: சிறுவர். எவரும் அவ்வாறு எழுதும்படி கட்டளையிடவில்லை. கை தானாகவே எழுதியிருக்கிறது.

இன்று வாயிலில் சந்தனக் கிண்ணத்துடன் நின்ற இரு பையன்களைக் கண்டிருப்பீர்கள். அவர்களுள் ஒருவனின் பாட்டியார் நம்மோடு இன்னும் பேசவில்லை. அடுத்து நாடகம். கட்டபொம்மன் வேடத்திற்கு இம்முறை எல்லாக் குழந்தைகளின் பெயரையும் எழுதிச் சீட்டுக் குலுக்கினோம். யாருக்கு விழுந்தது என்பதைத் திரை விலகியதும் காண்பீர்கள். நம் மகளுக்கு விழவில்லை என்பதை மட்டும், வீண் ஐயம் எழாதிருக்க, இப்பொழுதே கூறிவிடுகிறோம்.