ஒரே பெஞ்சில் தொப்பியும் பூணூலும்

(மாணவர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

நல்லிணக்கம் பற்றிப் பேசும்படி பணித்திருக்கிறீர்கள். தத்துவம் பேசாமல், ஒரு வகுப்பறைக்கு உங்களை அழைத்துச் செல்கிறேன்.

இராமேசுவரம், 1988ல் பாம்பன் சாலைப் பாலம் திறக்கப்படும் வரை, இரயிலையும் படகையும் விட்டால் கரை சேர வழியில்லாத தீவு. அங்கே பள்ளிவாசல் தெருவில் வளர்ந்த அப்துல் கலாமுக்கு மூன்று உயிர்த் தோழர்கள். மூவருமே வைதீக பிராமணக் குடும்பத்துப் பிள்ளைகள். அவர்களில் ஒருவர் இராமநாத சாஸ்திரி. கோயில் தலைமை அர்ச்சகர் பட்சி லட்சுமண சாஸ்திரிகளின் மகன்.

கலாம் ஐந்தாம் வகுப்பில் படித்தபோது புதிய ஆசிரியர் ஒருவர் வந்தார். முன்வரிசையில் தொப்பியணிந்த பிள்ளையும் பூணூலணிந்த பிள்ளையும் அருகருகே இருப்பதை அவரால் சகிக்க முடியவில்லை. கலாமைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார். முன்வரிசையில் இருந்த தோழன் அழுதான். அந்த அழுத முகம் கலாமின் மனத்தை விட்டு அகலவே இல்லை. 1999ல் வெளிவந்த தம் வாழ்க்கை நூலில் அவரே இதை எழுதியிருக்கிறார்.

பிள்ளைகள் இருவரும் வீட்டில் சொன்னார்கள். ஆசிரியரை வரவழைத்துக் கண்டித்தவர் யார்? கலாமின் தந்தை ஜைனுலாப்தீன் அல்ல, லட்சுமண சாஸ்திரிகள்! பிஞ்சு உள்ளங்களில் நஞ்சை விதைக்காதீர். மன்னிப்புக் கேளும், இல்லையேல் பள்ளியையும் தீவையும் விட்டுப் போய்விடும் என்ற கருத்தில் கறாராகச் சொன்னார். ஆசிரியர் வருந்தினார், திருந்தவும் செய்தார்.

சகோதரர்களே! பாதிக்கப்பட்டவன் கேட்டிருந்தால் அதைப் புகார் என்று ஒதுக்கியிருக்கலாம். தம் பக்கத்தவரின் தவறை ஒருவர் தாமே தட்டிக் கேட்டபோது அதற்கு மறுப்பில்லை.

அந்தத் துணிவு ஒரே நாளில் வந்ததல்ல. இரு தந்தையரும் நெருங்கிய நண்பர்கள். கோயிலின் சீதா கல்யாண விழாவுக்குப் படகு ஏற்பாடு செய்து கொடுத்தது கலாமின் குடும்பம். நட்புக்காக எவரும் தம் மார்க்கத்தை விட்டுக் கொடுக்கவுமில்லை. அழுத அந்தச் சிறுவன் பின்னாளில் தந்தையின் அர்ச்சகர் பணியை ஏற்றார். பின்வரிசைக்குப் போன சிறுவன் 2002ல் குடியரசுத் தலைவரானார்.

இதைச் சொல்லி நாம் பெருமைப்பட்டுக் கொள்கிறோம். ஆனால், நம் பிள்ளை மாற்றுச் சமயத் தோழனை வீட்டுக்கு அழைத்து வரும்போது நம்மவர் ஒருவர் முகம் சுளித்தால், அவரைக் கண்டிக்க நமக்குத் துணிவு உண்டா? பிள்ளைகளுக்கு நட்புத் தானாக வரும். அதைக் காப்பது பெரியவர்களின் கடமை. அடுத்தவர் வீட்டில் ஒரு சாஸ்திரிகளைத் தேடும் நாம், நம் வீட்டில் அப்படி ஒருவராக இருக்க வேண்டாமா?

சிந்திக்க வேண்டுகிறேன்.