தாய்மாரும் மருந்தும்

சாணக்யபுரியிலே சாந்திபத் என்னும் அகன்ற சாலை வழியே செல்வோர், அமெரிக்கத் தூதரகத்தையும் ஜெர்மன் தூதரகத்தையும் அதே சாலையிலே காண்பர். அருகே கௌடில்ய மார்க்கத்திலுள்ள தமிழ்நாடு இல்லத்திற்கு வந்துபோகும் நம்மவர் பலர் இவற்றைப் பார்த்திருப்பார்கள். அறுபது ஆண்டுகளுக்கு முன்னர் இவ்விரு நாடுகளின் முன்னும் ஒரே மாத்திரை வந்து நின்றது. ஒரு நாட்டிலே அது ஆயிரக்கணக்கான குழந்தைகளின் கைகால்களைக் குலைத்தது. மற்றதிலே அது கடைக்கே வரவில்லை. கருவுற்ற தாய்மார் மருந்துண்பதைப் பற்றிப் பேசப் புகுமிடத்து, அந்த வரலாற்றிலிருந்து தொடங்குவதே முறை.

1957-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைடு என்னும் தூக்க மருந்து ‘கான்டெர்கன்’ என்ற பெயரோடு விற்பனைக்கு வந்தது. டாக்டர் சீட்டின்றியே அதை வாங்கலாம். தீங்கற்றது என்று விளம்பரம் செய்தார்கள். மசக்கை வாந்திக்கும் அது உதவும் என்று கருவுற்ற பெண்கள் பலர் உட்கொண்டனர். பின்னர் கையும் காலும் குறுகிய குழந்தைகள் பிறக்கலாயின. 1961 நவம்பரில் ஹாம்பர்க் நகரத்துக் குழந்தை மருத்துவர் விடுகிண்ட் லென்ஸ் இம்மருந்தின் மீது தம் ஐயத்தை வெளிப்படுத்தினார். அம்மாத இறுதியிலேயே ஜெர்மனியில் விற்பனை நின்றது. அதற்குள் உலகெங்கும் 10,000-க்கு மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டிருந்தனர்.

அமெரிக்காவிலே 1960-இல் இம்மருந்துக்கு அனுமதி கோரிய விண்ணப்பம் பிரான்சிஸ் கெல்சி என்ற அம்மையாரின் மேசைக்கு வந்தது. அவர் அந்த அலுவலகத்திலே புதிதாகச் சேர்ந்தவர். சான்று போதாது என்று விண்ணப்பத்தைத் திருப்பினார். நிறுவனம் மீண்டும் மீண்டும் நெருக்கியும் அசையவில்லை. முன்னரே மாதிரிக்கென்று டாக்டர்களிடம் கொடுத்திருந்த மாத்திரைகளால் அங்கும் சில குழந்தைகள் பாதிக்கப்பட்டனராயினும், பெருந்தீங்கு தடுக்கப்பட்டது. 1962-இல் கென்னடி அவருக்கு விருதளித்துப் பாராட்டினார்.

தாயின் உடலிலுள்ள நஞ்சுக்கொடி ஓர் அரண்போல நின்று குழந்தையைக் காத்துவிடும் என்ற நம்பிக்கை அதுவரை மருத்துவ உலகிலேயே பரவியிருந்தது. அது தகர்ந்தது. தாலிடோமைடு கெடுதி செய்த காலமும் கருதத்தக்கது. கரு உண்டான 20-ஆம் நாள் முதல் 36-ஆம் நாள் வரை என்பது கணக்கு. தாம் கருவுற்றிருப்பதையே பல பெண்கள் ஐயமற அறியாத நாள்கள் அவை. ஆகவே, குழந்தையை எதிர்பார்க்கும் பெண், நாள் தள்ளிப்போகுமுன்பே மருந்து விஷயத்தில் விழிப்புடன் இருத்தல் வேண்டும்.

இதைக் கேட்டு அஞ்சி எல்லா மருந்தையும் நிறுத்திவிடுவோரும் உளர். அதுவும் பிழையே. தைராய்டு குறைவுக்கு மாத்திரை உண்பவர், கருவுற்றபின் அளவைக் கூட்ட வேண்டியிருக்குமேயன்றி நிறுத்தலாகாது. இன்சுலினும் ஆஸ்துமா மருந்தும் அப்படியே. வலிப்பு நோய்க்குரிய வால்புரோயேட் கருவுக்குக் கேடு செய்வது. ஆயினும் அதைத் தாமாக நிறுத்தினால் வலிப்பு வந்து தாய்க்கும் சேய்க்கும் ஆபத்தாகும். கருத்தரிக்கு முன்பே டாக்டரைக் கண்டு மாற்று மருந்து பெறுவதுதான் வழி. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் உரிய அளவில் பொதுவாக ஏற்றது. ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை 20-ஆம் வாரத்திற்குப்பின் தவிர்த்தல் வேண்டும்.

தில்லியில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதிலே தனித்ததோர் இடர் உண்டு. ராமகிருஷ்ணபுரத்திலோ கரோல்பாகிலோ இருக்கும் பெண்ணை, வளைகாப்பு முடித்துத் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்வது நம் வழக்கம். அது நல்ல வழக்கமே. ஆனால் இங்கே பார்த்த டாக்டர் ஒருவர், ஊரிலே பிரசவம் பார்ப்பவர் மற்றொருவர். பெட்டியிலே பட்டுப்புடவை ஏறிவிடும். மருந்துச் சீட்டு மட்டும் தில்லி வீட்டு அலமாரியில் தங்கிவிடும். ஊர் டாக்டர் கேட்டால், “வெள்ளை மாத்திரை, காலையில் ஒன்று” என்ற விடையே கிடைக்கும். வெள்ளை மாத்திரைகள் ஆயிரம் உண்டே! அது தைராய்டுக்கா, இரத்த அழுத்தத்துக்கா என்று அவர் எவ்வாறு அறிவார்?

ஆகையால் ஒரு தாளிலே எல்லாவற்றையும் எழுதித் தாய்-சேய் பாதுகாப்பு அட்டையோடு வைத்துக்கொள்ள வேண்டும். கம்பெனி இட்ட பெயர் மட்டும் போதாது. மருந்தின் மூலப்பெயர், அளவு, தொடங்கிய நாள், எதற்காக என்பனவும் வேண்டும். கடையிலே தாமாக வாங்கியதையும், இரும்புச்சத்து மாத்திரையையும், பாட்டி அனுப்பிய லேகியத்தையும் விடாது எழுத வேண்டும். லேகியத்தைச் சொல்லுவானேன் என்று சிலர் நினைப்பர். 2011, 2012-ஆம் ஆண்டுகளில் நியூயார்க் நகரில், இந்தியாவிலிருந்து வந்த ஆயுர்வேத மருந்துகளை உண்ட 6 கர்ப்பிணிகளின் உடலில் ஈய நஞ்சு ஏறியிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. சுக்கும் மிளகும் நம் வீட்டு அடுக்களைப் பொருள்கள். அவற்றை யாரும் குறை சொல்லவில்லை. உள்ளே என்ன சேர்ந்ததென்று தெரியாத பொட்டலத்தைப் பற்றியே இந்த எச்சரிக்கை.

குழந்தை பிறந்தபின் அச்சம் வேறு உருவெடுக்கிறது. மருந்து உண்கிறோமே என்று பாலையே நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் வழக்கமான மருந்துகளிற் பெரும்பாலானவை தாய்ப்பாலில் மிகச் சிறிதளவே கலக்கின்றன. புற்றுநோய் மருந்துகள், கதிரியக்க அயோடின் போன்ற சிலவற்றுக்கே பாலை நிறுத்த நேரிடும். கோடீன் கலந்த வலி மாத்திரையும் இருமல் மருந்தும் வேண்டா. சில தாய்மாரின் உடல் கோடீனை விரைவாக மார்ஃபீனாக மாற்றிவிடுமாதலால், குழந்தைக்கு மூச்சுத் தளரக்கூடும். எந்த மருந்தை உண்டபின்னும் குழந்தை வழக்கத்துக்கு மாறாக உறங்கி, பால் குடிக்க எழாதிருந்தால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

குழந்தையின் வயதையும், குறைமாதத்தில் பிறந்திருந்தால் அதனையும், மருந்து எழுதுமுன் டாக்டரிடம் கூறுவது அவசியம். இந்தி பயிலாத சகோதரிகள் மருந்துக்கடையிலே வாய்மூடி நிற்க வேண்டியதில்லை. கருவுற்றிருப்பவர் “கர்ப்பவதி ஹூம்” என்றும், பாலூட்டுபவர் “தூத் பிலாதீ ஹூம்” என்றும் சொன்னால் கடைக்காரருக்கு விளங்கும்.