தூண்டிலின் நாண்



மகாவலி கங்கையின் கிளையொன்று வெருகலாறு என்னும் பெயருடன் திருகோணமலை மாவட்டத்தின் தென்கோடியிற் கடலை அடைகின்றது. சித்திரவேலாயுத சுவாமி கோயிலாற் புகழ்பெற்ற வெருகலுக்கு அவ்வாற்றின் முகத்துவாரம் இன்னொரு செல்வம். நன்னீரும் உவர்நீரும் கலக்கும் அத்தகைய இடங்களுக்குக் கொடுவா இரைதேடி வரும், சிறுமீனைத் துரத்திப் பாரை வரும், சீலாவும் வரும். தூண்டிலுடன் நிற்கும் மீனவனுக்கு அங்கே வாய்ப்பும் உண்டு, இழப்பும் உண்டு. பற்றிய மீன் நாணை அறுத்துச் செல்லுமாயின், அன்றைய வீட்டுச் செலவும் அதனுடன் போகின்றது. முள்ளை வாயிற் சுமந்த மீனும் வீணே துன்புறுகின்றது. பல வேளைகளில் இதற்குக் காரணம் மீனின் வலிமையன்று. நாணைத் தெரிந்தெடுத்ததில் நேர்ந்த பிழையே.

நாண் என்பது இத்தொழிலுக்குப் புதிய சொல் அன்று. தூண்டிற் கழையையும் அதிற் பூட்டிய நாணையும் பெரும்பாணாற்றுப்படை கூறுகின்றது. குதிரை மயிரும் பட்டுப்புழுவின் நரம்பும் நூலும் ஒரு காலத்தில் உலகின் பல பகுதிகளில் தூண்டிலுக்கு நாணாயின. 1935ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டூபொன் ஆய்வுகூடத்தில் வாலஸ் கரோதர்ஸ் நைலோனை உருவாக்கியபின் அவையெல்லாம் பின்தங்கின. தங்கூசி என நம்மவர் வழங்குவது அந்த நைலோன் இழையையே.

தூண்டிலின் நாண் ஒன்றன்று, இரண்டு. கையிலோ உருளையிலோ இருப்பது பெருநாண். முள்ளை ஒட்டிக் கட்டும் சிறுதுண்டு முன்நாண். பெருநாண் இழுப்பைத் தாங்குவது. முன்நாண் மீனின் வாயையும் கண்ணையும் எதிர்கொள்வது. இவ்விரண்டின் கடமையும் வேறு. ஆகவே இரண்டிற்கும் ஒரே இழை போதும் எனக் கொள்வது தவறு.

முதலில் வாயை நோக்குவோம். சீலாவின் பற்கள் தடித்த நைலோனையும் துணித்துவிடும். அதற்குச் சில அங்குல உருக்குக் கம்பியே தக்கது. கொடுவாவுக்கு அத்தகைய பற்கள் இல்லை. ஆனால் அதன் செவுள்மூடியின் விளிம்பு கத்திபோற் கூரியது. ஆதலின் 40 முதல் 60 இறாத்தல் வரை தாங்கும் தடித்த நைலோன் இரண்டடி அளவு வேண்டும். பாரை கடித்து அறுப்பதில்லை. கல்லும் கட்டையும் கிடக்கும் இடத்துக்கு ஓடி உரசி அறுக்கும். அதற்கு உரசலைத் தாங்கும் நீண்ட முன்நாண் உதவும்.

அடுத்தது கண். மாரியில் மகாவலி பெருகி ஆறு கலங்கியிருக்கும்போது தடித்த இழையை மீன் எளிதிற் காணாது. கச்சான் வீசும் மாதங்களில் நீர் தெளியும்போது மெல்லிய இழையே நன்று. இங்கே புளோரோக்காபன் என்னும் பிற்கால இழை பயன்படுகின்றது. நீரின் ஒளிவிலகல் எண் 1.33, நைலோனுக்கு ஏறக்குறைய 1.53, புளோரோக்காபனுக்கு 1.42. எண் நீருக்கு அணித்தாக இருப்பதால் அவ்விழை குறைவாகவே தோன்றும். அது நைலோனைவிடக் கனமானது, விரைந்து தாழும், நீரை உறிஞ்சி வலுவிழப்பதும் இல்லை.

இறகும் மயிரும் கட்டிய பொய்யிரையை வீசிப் பிடிக்கும் முறை ஆங்கிலேயர் காலத்தில் இலங்கைக்கு வந்தது. நுவரெலியா ஓடைகளில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் விடப்பட்ட ட்ரௌட் மீன்களை அவர்கள் அவ்வாறு பிடித்தனர். இன்று உலகின் பல கடற்கரைகளில் அம்முறை பயில்கின்றது. பொய்யிரைக்குக் கனமில்லை, பூச்சுப் பூசிய பெருநாணின் கனமே அதனைத் தூர எறிகின்றது. குளிர்நாட்டுக்கெனச் செய்த பெருநாண் நம் வெயிலில் துவண்டு, வளையங்களில் ஒட்டிக்கொள்ளும். வெப்பநாட்டுக்கென உள்நார் விறைப்பாகச் செய்ததையே தெரிந்தெடுக்க வேண்டும். முன்நாண் அடியிற் தடித்து நுனியில் மெலிந்து செல்லுதல் வேண்டும். அப்போதுதான் வீச்சின் விசை தளராது பொய்யிரை விரிந்து விழும். ஒன்பது அடி நீளம் பொதுவாகப் போதும்.

எம்முறையாயினும் ஒரு விதி பொதுவானது. முன்நாணின் ஒரு பகுதியேனும் பெருநாணைவிடச் சற்று மெலிந்திருக்க வேண்டும். முள் கட்டையிற் சிக்கினால் அங்கேதான் அறும். ஒரு முழம் போகும், பெருநாண் மீளும். இதை மறந்தவன் பலபாகம் நாணை ஆற்றுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்புவான்.

முடிச்சிலும் கவனம் வேண்டும். இறுக்குமுன் நீரால் நனைத்துக்கொள்ளாவிடின் உரசலின் வெப்பத்தால் இழை அங்கேயே நலிந்துவிடும். மீன் பிடிபட்ட ஒவ்வொரு முறையும் முன்நாணை விரலிடையே ஓட்டிப் பார்த்தல் வேண்டும். சொரசொரப்புத் தட்டுமாயின் அத்துண்டை வெட்டிவிடுதலே இலாபம். வெயில் நைலோனை நலிவிக்கும். தூண்டிலை நிழலில் வைக்க வேண்டும்.

வெட்டிய துண்டையும் ஆற்றில் எறியலாகாது. நைலோன் எளிதில் மக்குவதில்லை. ஆமையின் துடுப்பிலும் கொக்கின் காலிலும் அது சுற்றிக்கொள்ளும். மாலையில் முகத்துவாரத்து மணலை விட்டு எழும் மீனவன் அத்துண்டைச் சுருட்டி மடியில் வைத்துக்கொள்வானாயின், நாளை அவன் வீசும் நீர் அவனுக்குத் தூயதாகவே இருக்கும்.