நோய்ச் செலவு யார் கணக்கில்?



தொழிலாளர் நலத்திட்டங்களால் நிர்வாகத்தின் மருத்துவச் செலவு குறையுமா என்பதை ஆராய மூணாறைவிடப் பொருத்தமான இடம் இல்லை. நகரத்து ஆலைகளில் பெரும்பாலும் ஈ.எஸ்.ஐ. காப்பீடு அந்தச் செலவைத் தாங்குகிறது. தேயிலைத் தோட்டத்திலோ குடிநீர், கழிப்பறை, மருத்துவம், குடியிருப்பு அத்தனையையும் 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் நிர்வாகத்தின் பொறுப்பாக்கியது. தொழிலாளர் குடியிருப்பான லயத்துக் குழாயில் கெட்ட தண்ணீர் வந்தால் அந்த வயிற்றுப்போக்கின் செலவு தோட்டத்து ஆஸ்பத்திரிக் கணக்கில்தான் ஏறும்.

இந்தக் கணக்கு புதிதல்ல. இலங்கைத் தோட்டங்களில் நம் தமிழ்த் தொழிலாளர்களிடையே ராக்ஃபெல்லர் அறக்கட்டளை 1916இல் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. புழு இரத்தத்தை உறிஞ்சினால் சோகை வரும், சோகை வந்தால் வேலை குறையும் என்று தோட்டத் துரைமாருக்கு இலாபக் கணக்கு காட்டப்பட்டது. மருந்து புழுவைக் கொன்றது. ஆனால் கழிப்பறை இல்லாத மண்ணில் வெறுங்காலோடு நடந்தவர்களுக்குப் புழு மறுபடியும் ஏறியது. மருந்துக்கு இசைந்த துரைமார் கழிப்பறை கட்டத் தயங்கினார்கள். ஆண்டுக்கொரு மருத்துவ முகாமோடு கடமை முடிந்தது என்று கருதும் நிர்வாகங்களைக் காணும்போது இந்த வரலாறே எனக்கு நினைவுக்கு வருகிறது.

இக்கால நலத்திட்டங்களுக்கு வருவோம். அமெரிக்காவில் ஒரு பெரிய வணிக நிறுவனத்தின் கிளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய ஆய்வு 2019இல் ஜாமா (JAMA) மருத்துவ இதழில் வெளிவந்தது. ஒன்றரை ஆண்டு நலத்திட்டத்துக்குப் பின் உடற்பயிற்சி கூடியதாகத் தொழிலாளர்கள் சொன்னார்கள். மருத்துவச் செலவிலும் விடுப்பிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. பழக்கத்தை மாற்றச் சொல்லிவிட்டு வேலையை அப்படியே விட்டால் வேறென்ன நடக்கும்?

தோட்டத்துக்குத் திரும்புவோம். கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு மலைச்சரிவில் ஒதுங்க இடமில்லை. அதனால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறாள், நீர்க்கடுப்பு வருகிறது. இதற்கு உடல்நல வகுப்பு எதற்கு? கழிப்பறை வேண்டும். 2015இல் ‘பொம்பிளை ஒருமை’ என்ற பெயரில் ஒன்றுதிரண்டு மூணாறு வீதியில் அமர்ந்த தோட்டப் பெண்கள் கூலியோடு நல்ல வீட்டையும் மருத்துவத்தையும் கேட்டார்கள். அதைவிடத் தெளிவான நலத்திட்ட அறிக்கையை நான் வாசித்ததில்லை.

இன்னொன்றைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாகத் தேனி மாவட்டத்துப் பெண்கள் ஜீப்பில் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு வந்து அன்றே திரும்புகிறார்கள். பூச்சிமருந்து தெளித்த தோட்டத்தில் வேலை செய்தவளுக்கு மூச்சுத்திணறல் வருவது இரவில், எல்லைக்கு அந்தப் பக்கம். வைத்தியத்துக்கு அவள் போவது தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிக்கு, இல்லையென்றால் கடன் வாங்கித் தனியாரிடம். தோட்டத்தின் பேரேட்டில் ஒரு ரூபாயும் ஏறுவதில்லை. அங்கே மருத்துவச் செலவு குறைவு என்று எழுதினால் அது உண்மையாகாது. செலவு மலையிறங்கிப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே இந்தப் பொருளில் எழுதும் கட்டுரையாளர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே. செலவு குறைந்தது என்று எழுதும் இடத்திலெல்லாம், நோய் குறைந்ததா, பணம் கட்டும் ஆள் மாறினாரா என்பதையும் எழுதுங்கள். நிர்வாகக் கணக்கை மட்டும் பார்த்து முடிவு சொல்லாதீர்கள். ஜீப்பில் வந்துபோகும் அந்தப் பெண்களிடமும் கேளுங்கள்.