கரும்பு வெட்டுக்கு முன்னும் பின்னும்

முதலில் ஒரு சின்ன விளையாட்டு. ஓர் எண்ணைச் சில தடவை சொல்லப் போகிறேன். எத்தனை தடவை சொன்னேன் என்பதை மட்டும் நீங்கள் சட்டென்று சொல்ல வேண்டும். ஐந்து, ஐந்து, ஐந்து.

மூன்று என்பதுதான் விடை. ஆனால் உங்களில் பலருக்கு ‘ஐந்து’ என்ற சொல் நாக்கு நுனி வரை வந்து திரும்பியிருக்கும். காதில் விழுந்ததை அப்படியே சொல்லிவிட வாய் துடிக்கிறது. ‘பொறு, கேட்டது அதுவல்ல’ என்று உள்ளே ஏதோ ஒன்று பிடித்து நிறுத்துகிறது. அந்தப் பிடியைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

மூளை ஆராய்ச்சியாளர்கள் இதை எக்ஸிகியூட்டிவ் ஃபங்ஷன் என்கிறார்கள். நாம் மேலாண்மைத் திறன் என்று வைத்துக்கொள்வோம். 2000ஆம் ஆண்டில் அகிரா மியாகே என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் இதில் மூன்று இழைகளைப் பிரித்துக் காட்டினார்கள். முந்திக்கொண்டு வருவதை அடக்குவது ஒன்று. வேண்டியதை மனத்தில் ஏந்திக்கொண்டு, நிலைமை மாற மாற அதைப் புதுப்பிப்பது இன்னொன்று. ஒரு வேலையிலிருந்து அடுத்ததற்குத் தடுமாறாமல் தாவுவது மூன்றாவது. சொல்லும்போது பெரிதாகத் தெரிகிறது. ஆனால் காலை எட்டு மணிக்கு எந்த வீட்டுச் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தாலும் மூன்றும் ஒன்றாக நடப்பதைக் காணலாம். குழம்பு கொதிக்கும்போதே பொரியலுக்கு நறுக்கியாக வேண்டும். குக்கர் எத்தனை விசில் என்று ஒரு காது எண்ணிக்கொண்டிருக்கும். நடுவில் பால்காரர் மணி அடித்தால், கணக்கை முடித்துவிட்டு விட்ட இடத்திலேயே வந்து பிடிக்க வேண்டும்.

சமையலறையை நான் சும்மா சொல்லவில்லை. இந்தத் துறையின் மிக முக்கியமான காட்சிகளில் ஒன்று சமையலறையில்தான் நடந்தது.

கனடாவின் மாண்ட்ரியல் நகரில் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற புகழ்பெற்ற மூளை அறுவை மருத்துவர் இருந்தார். அவருடைய அக்கா ரூத்துக்குப் பல வருடங்களாக வலிப்பு வந்துகொண்டிருந்தது. வலப்பக்க முன்மடலில், அதாவது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதியில், பெரிய கட்டி. 1928 டிசம்பரில் தம்பியே கத்தியை எடுத்தார். கட்டியோடு அந்த மடலின் பெரும்பகுதியையும் வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. ரூத் பிழைத்து எழுந்தார். பேச்சில் குறையில்லை, நினைவில் குறையில்லை, பிள்ளைகளிடம் பாசத்திலும் குறையில்லை. பார்த்தவர்கள் குணமாகிவிட்டார் என்றே நினைத்தார்கள்.

ஏறத்தாழ 15 மாதங்கள் கழித்து, ஒரு விருந்தாளிக்கும் வீட்டில் நான்கு பேருக்குமாக எளிமையான இரவுச் சாப்பாடு செய்வதாக ரூத் முடிவு செய்தார். ஆசையோடு காத்திருந்தார். தயார் செய்ய நாள் முழுவதும் இருந்தது. சாப்பிட வேண்டிய நேரத்தில் போய்ப் பார்த்தால், சாமான்கள் எல்லாம் எடுத்து வைத்தபடி இருக்கின்றன. அடுப்பில் ஒன்றிரண்டு பண்டங்கள். சாலட் தயாராகவில்லை. இறைச்சியில் கையே வைக்கவில்லை. நாள் முழுவதும் தனியாகப் போராடிக் களைத்துப்போய், என்ன செய்வது என்று தெரியாமல் கலங்கி நிற்கிறார் அந்த அம்மாள். ஒவ்வொரு பண்டமும் செய்யத் தெரிந்தவர்தான். எதை முதலில், எதை அடுத்து என்று கோக்கும் கயிறுதான் அறுந்திருந்தது. பக்கத்தில் ஒருவர் துணைக்கு நின்று வரிசையை எடுத்துக் கொடுத்தபோது வேலை நடந்தது. 1935இல் பென்ஃபீல்ட் தம் சக மருத்துவருடன் சேர்ந்து எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இதைப் பதிவு செய்தார். உடன்பிறந்தவளின் தவிப்பை அளந்து எழுத எவ்வளவு நெஞ்சுரம் வேண்டியிருந்திருக்கும் என்று பல முறை யோசித்திருக்கிறேன்.

அதே மாண்ட்ரியலில் பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் 1963இல் இன்னொன்றைக் காட்டினார். சீட்டுகளை நிறப்படி பிரிக்கச் சொல்லிவிட்டு, இடையில் விதி மாறிவிட்டது என்பதை ‘தவறு, தவறு’ என்று சொல்லி உணர்த்துவார்கள். முன்மடலில் அறுவை நடந்தவர்கள் பழைய விதியையே பிடித்துக்கொண்டு பிரித்தபடி இருந்தார்கள். மூன்று வயதுக் குழந்தையும் இப்படித்தான். ‘இப்போது நிறம் வேண்டாம், வடிவத்தைப் பார்’ என்றால் தலையாட்டும். விதி என்ன என்று கேட்டால் சரியாகவே சொல்லும். கை மட்டும் நிறத்தின் பின்னாலேயே போகும். நான்கு, ஐந்து வயதில் இது சரியாகிறது. ஆனால் முன்மடல் முழுதாக முதிர்வதற்கு இருபது வயதையும் தாண்ட வேண்டும்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். நோயே இல்லாத மூளையில் இந்தப் பிடி எப்படித் தளர்கிறது என்பதைக் காட்டிய ஆய்வு ஒன்று விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் கரும்புத் தோட்டங்களில் நடந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபிர், ஜியாயிங் ஷாவ் ஆகிய நால்வரும் 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் அதை வெளியிட்டார்கள். 54 கிராமங்கள், 464 சிறு விவசாயிகள்.

கரும்புக்காரர் நிலைமை உங்களில் பலருக்குத் தெரியும். வருடத்துக்கு ஒரு வெட்டு. ஆலை வெட்டு உத்தரவு கொடுத்த பிறகுதான் அரிவாள் இறங்கும். பணம் அதற்கும் பிறகு. அதனால் ஒரே குடும்பம் வருடத்தில் ஒரு சமயம் கையில் காசோடும், இன்னொரு சமயம் கடனோடும் இருக்கிறது. ஆய்வாளர்கள் இந்த இரண்டு சமயத்திலும் அதே ஆட்களைச் சந்தித்தார்கள். வெட்டுக்கு முன் நூற்றுக்கு 78 பேர் வீட்டில் எதையாவது அடகு வைத்திருந்தார்கள். வெட்டுக்குப் பின் அது 4 பேராகக் குறைந்தது. முன்னால் 99 சதவீதம் பேருக்குக் கடன். பின்னால் 13 சதவீதம்.

இரண்டு முறையும் இரண்டு சோதனைகள் வைத்தார்கள். ஒன்று, ரேவன் என்பவர் வகுத்த படப்புதிர். விடுபட்ட வடிவத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். மற்றது, சற்று முன் நாம் விளையாடினோமே, அதே எண் விளையாட்டு. அவர்களுக்கு அது எழுதிக் காட்டப்பட்டது. பணம் வந்த பிறகு புதிரில் சராசரியாக ஒரு விடை கூடுதலாகச் சரியாயிற்று. எண் விளையாட்டில் வேகம் கூடி, பிழை குறைந்தது.

அதே மனிதர், அதே மூளை, அதே படிப்பு. இடையில் மாறியது கையிருப்பு.

சந்தேகப்பட இடம் உண்டு. இரண்டாம் தடவை என்பதால் பழகியிருக்கலாம் அல்லவா? அதற்காகவே 100 பேரை ஒதுக்கி வைத்து, வெட்டுக்குப் பின் முதன்முறையாகச் சோதித்தார்கள். அவர்களும் நன்றாகவே செய்தார்கள். வெயில், மழை, பருவம் காரணமோ? ஆலைகள் வெட்டு உத்தரவை மாதக்கணக்கில் பிரித்துக் கொடுப்பதால், ஒரே வாரத்தில் ஒரு வயலில் வெட்டு முடிந்திருக்கும், பக்கத்து வயலில் கரும்பு நின்றுகொண்டிருக்கும். ஆகவே பருவத்தைக் குற்றம் சொல்ல முடியவில்லை. சாப்பாடு, உடலுழைப்பு ஆகியவற்றையும் கணக்கில் எடுத்துப் பார்த்தார்கள். ஆய்வாளர்கள் தரும் விளக்கம் இதுதான்: வட்டிக்காரருக்கு என்ன பதில், பள்ளிக் கட்டணத்துக்கு யாரிடம் கைமாற்று என்ற கணக்கு மனத்தின் ஏந்துபலகையில் ஓயாமல் உட்கார்ந்திருக்கிறது. மற்ற வேலைக்கு அங்கே இடம் குறைகிறது.

இது எல்லா இடத்திலும் இப்படியே தெரிந்துவிடவில்லை. அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் ஏழை மக்களைச் சோதித்து 2016இல் வெளிவந்த ஆய்வு, சிந்தனைத் திறனில் வேறுபாடு எதையும் காணவில்லை. நாலு நாளில் சம்பளம் வரும் என்று தெரிந்தவரின் கவலையும், ஆலைப் பணம் எப்போது வரும் என்று தெரியாதவரின் கவலையும் ஒரே எடை அல்ல என்பது என் எண்ணம். பிறகு ஒடிசாவில் தையல் இலை செய்யும் தொழிலாளர்களிடம் முல்லைநாதனும் வேறு சிலரும் ஓர் ஆய்வு நடத்தினார்கள். சிலருக்கு மட்டும் கூலியின் ஒரு பகுதியைச் சில நாள் முன்னதாகவே கொடுத்தார்கள். மொத்தக் கூலி மாறவில்லை. ஆனாலும் அவர்கள் தைத்த இலைகள் சுமார் 7 சதவீதம் கூடின. இலையையும் தையலையும் வீணாக்கும் கவனப் பிசகும் குறைந்தது. அவர்களிலும் மிக ஏழைகளிடம்தான் மாற்றம் அதிகம்.

இதையெல்லாம் படித்த பிறகு ஒரு விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ‘அவனுக்குப் பொறுப்பில்லை’, ‘இவளுக்கு முன்யோசனை கிடையாது’ என்று நாம் ஒரு மனிதரின் குணத்தின் மேல் எழுதும் தீர்ப்புகளில் பாதி தவறானவை. முன்யோசனை என்பதும் பார்வை, செவித்திறன் போல உடம்பின் ஒரு திறன். அது நோயில் குறையும். தூக்கம் கெட்டால் குறையும். கவலையின் பாரத்திலும் குறையும்.

நோயில் குறையும்போது நாம் கண்டுபிடிப்பது மிகவும் தாமதம். பார்க்கின்சன் நோய் என்றால் கைநடுக்கம் என்றுதான் நினைக்கிறோம். டோபமைன் என்ற மூளை ரசாயனம் குறைவதால் மூளையின் ஆழத்துக்கும் முன்மடலுக்கும் இடையே ஓடும் சுற்றுவழியும் பழுதாகி, திட்டமிடுவதே கடினமாகும் என்பது குடும்பத்துக்குத் தெரிவதில்லை. சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் கட்டுக்குள் வராமல் பல வருடம் ஓடினால், மூளையின் நுண் ரத்தக் குழாய்கள் அடைபடும். கை கால் விழாது, வாய் கோணாது. வேலை மட்டும் மந்தமாகும், வரிசை குழம்பும். பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவர் ஒரு மாதத்தில் நடமாடத் தொடங்குவார். ஆனால் கடைக் கணக்கைப் பழையபடி அவரால் நடத்த முடியாமல் போகலாம். முன்மடலைத் தாக்கும் ஒரு வகை டிமென்ஷியா பெரும்பாலும் 45 வயதுக்கும் 65க்கும் இடையில் தொடங்குகிறது. ஞாபகம் நன்றாகவே இருப்பதால் அதைத் திமிர் என்றோ சோம்பல் என்றோ வீட்டில் சண்டை நடக்கும்.

எனவே நேயர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். வருடக்கணக்காக வீட்டையோ கடையையோ கட்டி மேய்த்த ஒருவர் சமீபகாலமாக வேலைகளைப் பாதியில் விடுகிறார், பழைய வழியையே பிடித்துக்கொண்டு நிற்கிறார், முன்பு அடக்கத் தெரிந்த சொல்லையும் கோபத்தையும் அடக்க முடியாமல் தவிக்கிறார் என்றால், அவரை நரம்பியல் மருத்துவரிடமோ மனநல மருத்துவரிடமோ அழைத்துச் செல்லுங்கள். அங்கே போய் ‘மறதி ஒன்றும் இல்லை டாக்டர்’ என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். வேலையை வரிசையாகச் செய்து முடிக்க முடியவில்லை என்பதையும், அது எந்த மாதத்திலிருந்து என்பதையும், அப்போது வீட்டில் என்ன நெருக்கடி இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்தத் தகவல்களை வைத்துத்தான் மருத்துவர் எந்தச் சோதனை தேவை என்று முடிவு செய்வார்.