தெளிந்த நீரில் பிறக்கும் பகை
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் டெங்குக் காய்ச்சல் குறித்து ஆற்றிய உரை)

 

கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் கல்வியைப் பற்றிப் பேசாமல் காய்ச்சலைப் பற்றிப் பேசுவதேன் என்று சிலர் எண்ணக்கூடும். பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்பவர்களுக்கு அந்த ஐயம் எழாது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வராதோர் எண்ணிக்கை ஏறுவதை நான் ஆண்டுதோறும் பார்த்து வருகிறேன். ஒரு பிள்ளை பத்து நாள் காய்ச்சலில் படுத்தால், அரையாண்டுத் தேர்வு போகிறது. அருகில் இருந்து பார்க்கும் தாய்க்குப் பத்து நாள் கூலி போகிறது. மருத்துவச் செலவுக்கு வாங்கிய கடனை அடைப்பதற்குள் அடுத்த மழைக்காலம் வந்துவிடுகிறது. எனவே நோயைத் தடுப்பதும் கல்விப் பணியே என்பது என் துணிபு.

நோய் நேற்று வந்ததன்று

டெங்கு புதிய நோய் என்று பலரும் கருதுகின்றனர். அது சரியன்று. டெங்குவை ஒத்த ஒரு கொள்ளைக் காய்ச்சல் 1780ஆம் ஆண்டிலேயே சென்னையில் பரவியதாக மருத்துவ வரலாறு கூறுகிறது. 1960களில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் இந்நோயின் கிருமிகளை நம் மாநிலத்து நோயாளிகளிடமிருந்தே பிரித்தெடுத்தனர். 2006ஆம் ஆண்டில் நம்மில் பலரை மூட்டுவலியால் முடக்கிப் போட்ட சிக்குன்குனியாவை எவரும் மறந்திருக்க முடியாது. அதைப் பரப்பியதும் டெங்குவைப் பரப்பும் இதே கொசுதான். 2012ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் 12,826 பேருக்கு டெங்கு கண்டறியப்பட்டது. 66 பேர் இறந்தனர். திருநெல்வேலி மாவட்டம் அப்போது பெரிதும் பாதிக்கப்பட்டது. 2017இல் நோயுற்றோர் 23,294 பேர். இறந்தோர் 65 பேர்.

டெங்குக் கிருமி நான்கு வகைப்படும். ஒரு வகையால் நோயுற்றுத் தேறியவர்க்கு அவ்வகை பெரும்பாலும் மீண்டும் வாராது. ஆனால் மற்ற மூன்றும் வரக்கூடும். இரண்டாம் முறை வேறு வகை தாக்கும்போது நோய் கடுமையாகும் வாய்ப்பு மிகுதி. "எனக்கு முன்னமே வந்துவிட்டது, இனி அச்சமில்லை" என்று எவரும் இருந்துவிடலாகாது.

பகைவனை அறிவோம்

ஏடிஸ் எஜிப்தி என்பது இக்கொசுவின் பெயர். கருத்த உடலும், கால்களில் வெள்ளை வளையங்களும் உடையது. இரவில் காதருகே ரீங்காரமிடும் கொசு பெரும்பாலும் வேறு இனம். ஏடிஸ் பகலில் கடிக்கும். காலையிலும் மாலை மயங்குவதற்கு முன்னும் அதன் தொல்லை மிகுதி. பெண் கொசு மட்டுமே குருதி குடிக்கும். நோயாளியைக் கடித்த கொசுவின் உடலில் கிருமி பெருகுவதற்கு ஏறத்தாழ எட்டு முதல் பன்னிரண்டு நாள் ஆகும். அதன்பின் அது உயிரோடிருக்கும் வரை கடிப்பவர்க்கெல்லாம் நோயைக் கொடுக்க வல்லது.

இக்கொசு சாக்கடையில் வளர்வதை விரும்புவதில்லை. அது நாடுவது தேங்கி நிற்கும் தெளிந்த நீரையே. சிமெண்டுத் தொட்டி, பிளாஸ்டிக் டிரம், மூடாத அண்டா, பயன்படாத ஆட்டுக்கல், பழைய டயர், கொட்டாங்கச்சி, பூந்தொட்டியின் அடித்தட்டு, குளிர்பதனப் பெட்டியின் பின்புறத் தட்டு, மொட்டை மாடியில் மூடி உடைந்த தொட்டி ஆகியவையே அதன் பிறப்பிடங்கள். நீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரச் சுவரில் அது முட்டையிடும். நீர் வற்றினாலும் அம்முட்டைகள் பல மாதம் காய்ந்து கிடந்து, மீண்டும் நீர் ஏறியதும் பொரிக்கும். முட்டை கொசுவாகிப் பறப்பதற்கு நம் ஊர் வெப்பத்தில் ஏழு முதல் பத்து நாளே போதும்.

அழுக்கு என்னும் பழிச்சொல்

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். காய்ச்சல் பரவும்போதெல்லாம் நம் குடியிருப்புகளைச் சுட்டி, "அங்கே சுத்தம் இல்லை, அதனால்தான்" என்று சொல்வோர் உண்டு. ஊரின் அழுக்கையெல்லாம் தலைமுறை தலைமுறையாக அகற்றிய மக்களையே அழுக்கானவர்கள் என்று பழிப்பது இந்நாட்டின் பழைய வழக்கம். டெங்குவைப் பொறுத்தவரை அப்பழி அறிவியலுக்கே முரணானது. மாடி வீட்டின் பூந்தொட்டித் தட்டிலும் இக்கொசு பிறக்கிறது. கூரை வீட்டின் குடத்திலும் பிறக்கிறது. தானாக அது பறக்கும் தொலைவு பெரும்பாலும் ஓரிரு நூறு மீட்டருக்குள் அடங்கும். நகரியத்து வட்டங்களையும், மந்தாரக்குப்பம், வடக்குத்து போன்ற சுற்றுப்புறக் குடியிருப்புகளையும் அது வேறுபடுத்திப் பார்ப்பதில்லை.

ஆனால் ஒரு வேறுபாட்டை நாம் மறைக்கவும் கூடாது. குழாயில் நாள்தோறும் நீர் வரும் வீட்டில் நீரைச் சேமிக்கும் தேவை குறைவு. இரண்டு நாளுக்கோ நான்கு நாளுக்கோ ஒருமுறை வரும் தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் குடங்களும் டிரம்களும் வரிசை கட்டி நிற்கும். அவ்வரிசையை உண்டாக்கியது மக்களின் சோம்பல் அன்று, தண்ணீர்த் தட்டுப்பாடு. நிலக்கரியை வெட்டி எடுப்பதற்காக நிலத்தடி நீரை இரவு பகலாக இறைத்து வெளியேற்றும் ஊர் நம் நெய்வேலி. அத்தகைய ஊரின் சுற்றுப்புறத்தில் ஒரு தாய் குழாயடியில் குடத்தோடு காத்து நிற்க நேர்ந்தால், அதை எண்ணிப் பார்க்க வேண்டியவர்கள் அந்தத் தாய்மார்கள் மட்டுமல்லர்.

நீர் நமக்கு என்றும் உரிமைப் பொருளாக இருந்திருக்கிறது. பொதுச் சாலைகளும் கிணறுகளும் குளங்களும் எல்லார்க்கும் உரியவை என்னும் தீர்மானத்தை 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன். 1927ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆம் நாள் மகாடு நகரின் சவுதார் குளத்து நீரை அள்ளிப் பருகி அவ்வுரிமையை நிலைநாட்டினார் அண்ணல் அம்பேத்கர். ஆதலால் நாள்தோறும் நீர் வழங்குமாறு கிராம சபையிலும் பேரூராட்சியிலும் கோருவது டெங்கு ஒழிப்பின் முதற் பகுதி என்பேன். அக்கோரிக்கை நிறைவேறும் நாள் வரை நம் குடத்தை நாமே காப்பது அதன் மறு பகுதி. பழி நம்முடையதன்று என்பதால் பணியும் நம்முடையதன்று என்று இருந்துவிட்டால், இழப்பு நம் பிள்ளைகளுக்கே.

வாரத்தில் ஒரு நாள்

முட்டை கொசுவாவதற்கு ஏழு நாளேனும் வேண்டும் என்று சொன்னேன். நமக்குரிய ஆயுதம் அக்கணக்கிலேயே இருக்கிறது. வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லார்க்கும் வசதியாக இருக்கலாம். அன்று வீட்டிலுள்ள எல்லா நீர்ப் பாத்திரங்களையும் காலி செய்து, உட்சுவரைத் தேங்காய் நாரால் நன்கு தேய்த்துக் கழுவி, காயவைத்துப் பிறகு நிரப்புங்கள். தேய்க்காமல் நீரை மட்டும் மாற்றினால் சுவரில் ஒட்டிய முட்டைகள் அங்கேயே இருக்கும். புழு கண்ட நீரைச் சாக்கடையில் கொட்டாமல் வெயில் படும் காய்ந்த மண்ணில் கொட்டுங்கள். காலி செய்ய இயலாத பெரிய தொட்டிகளைப் பழைய வேட்டித் துணியால் இடைவெளியின்றி வாய் கட்டுங்கள். சுகாதாரப் பணியாளர் அபேட் மருந்து ஊற்ற வந்தால் மறுக்காதீர்கள். உரிய அளவில் கலந்தால் அது கொசுப்புழுவைக் கொல்லும், நம்மைத் தீண்டாது.

புகை அடித்தால் போதும் என்ற நம்பிக்கை மக்களிடம் ஆழமாக இருக்கிறது. புகை பறக்கும் கொசுவைக் கொல்லும். தொட்டியில் நெளியும் புழுவைத் தொடாது. ஒரு வாரத்தில் அப்புழுக்கள் அத்தனையும் சிறகு முளைத்துக் கிளம்பும்.

இவ்வழி புதிதன்று. கியூபா நாட்டு மருத்துவர் கார்லோசு பின்லே, மஞ்சள் காய்ச்சலைப் பரப்புவது இதே ஏடிஸ் கொசு என்று 1881இல் கூறினார். இருபது ஆண்டுகள் அவரை எள்ளி நகையாடினர். பின்னர் அவர் கூற்று மெய்ப்பிக்கப்பட்டதும், 1901இல் அவானா நகரில் வீடு வீடாகச் சென்று நீர்த் தொட்டிகளை மூடச் செய்தனர். ஓராண்டுக்குள் அந்நகரைப் பிடித்த மஞ்சள் காய்ச்சல் அகன்றது. தடுப்பூசி எதுவும் அன்று இல்லை. அதே கியூபாவில் பிற்காலத்தில் கொசு மீண்டும் பெருகியது. 1981ஆம் ஆண்டு டெங்குவில் 158 பேர் இறந்தனர், அவர்களுள் 101 பேர் குழந்தைகள். ஒருமுறை வென்றதோடு ஓய்ந்திருக்கலாகாது என்பதற்கு இது சான்று.

நம் மாவட்டத்துக்கும் ஒரு பாடம் உண்டு. 2011 டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் வீசியபின் மின்சாரம் நின்று, நீரேற்றம் நின்று, கிடைத்த பாத்திரங்களிலெல்லாம் நீரைப் பிடித்து வைத்தோம். முறிந்த முந்திரி மரங்களுக்கிடையே உடைந்த ஓடும் தகரமும் மழைநீர் ஏந்திக் கிடந்தன. புயலுக்குப் பின் குப்பை அகற்றுவது தெரு அழகுக்காக மட்டுமன்று, நோயைத் தடுக்கவுமே.

காய்ச்சல் வந்தால்

திடீரென்று கடுங்காய்ச்சல், தலைவலி, கண்ணின் பின்புறம் வலி, உடலையும் மூட்டுகளையும் முறித்தெடுப்பது போன்ற வேதனை, சில வேளை தோலில் செந்தடிப்பு ஆகியவை டெங்குவின் அறிகுறிகள். இக்காய்ச்சலில் ஒரு வஞ்சகம் உண்டு. மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் தணியும். பிள்ளை பிழைத்துக்கொண்டது என்று வீட்டார் மகிழ்வர். ஆனால் சிலருக்கு ஆபத்து அப்போதுதான் தொடங்குகிறது. குருதிக் குழாய்களிலிருந்து நீர்மம் கசிந்து, குருதியழுத்தம் வீழ்கிறது. காய்ச்சல் விட்டபின் வரும் ஓரிரு நாளே உயிரைக் காக்கும் நாள்கள்.

அந்நாள்களில் கடும் வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ குருதிக் கசிவு, கருநிற மலம், கை கால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல், மயக்கம் கலந்த சோர்வு அல்லது நிலைகொள்ளாமை ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் இரவு பகல் பாராமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். 108 ஊர்தியை அழையுங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

காய்ச்சலுக்கு மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின், இபுபுரூபென், டைக்ளோபினாக் போன்ற வலி மருந்துகள் குருதிக் கசிவை மிகுவிக்கும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கி விழுங்குவதும், படித்துப் பட்டம் பெறாதவரிடம் ஊசி போட்டுக்கொண்டு மறுநாளே வேலைக்குச் செல்வதும் நம் உழைப்பாளி மக்களிடையே பெருவழக்காக உள்ளன. ஒரு நாள் கூலியைக் காக்கப் போய் உயிரையே பணயம் வைத்தலாகாது. அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் மருத்துவமும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. கஞ்சி, இளநீர், மோர், உப்புச் சர்க்கரைக் கரைசல் ஆகியவற்றை அடிக்கடி கொடுங்கள். நோயாளியைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள். அவரைக் கடிக்கும் கொசுவே அடுத்த வீட்டுக்கு நோயைக் கொண்டுபோகும்.

நிலவேம்புக் குடிநீரை அரசே வழங்கி வந்திருக்கிறது. பண்டிதர் அயோத்திதாசரைச் சித்த மருத்துவராகப் பெற்ற நம் சமூகம் நாட்டு மருத்துவத்தை இகழாது. ஆயினும் குடிநீர் பருகினோம் என்று ஆபத்தின் அறிகுறிகளைக் கண்டும் வீட்டில் இருந்துவிடக் கூடாது.

இளைஞர்களுக்கு

இளைஞர்களே! இவ்விழாவை முன்னிட்டு உங்களிடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது, ஐந்து ஐந்து பேராகச் சேர்ந்து உங்கள் தெருவின் வீடுகளைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் போதும். புழு இருந்த பாத்திரங்களை ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். அடுத்த வாரம் அவ்வெண்ணிக்கை குறைகிறதா என்று பாருங்கள். தனியே வாழும் முதியவர்களின் தொட்டியை நீங்களே கழுவிக் கொடுங்கள்.

இரண்டாவது, நம் மாலை வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொசுப்புழுவைக் கண்ணால் காட்டுங்கள். தொட்டியில் அள்ளிய புழுநீரைக் கண்ணாடிக் குவளையில் எடுத்து ஒரு மணி நேரம் பாடம் நடத்திவிட்டுக் காய்ந்த மண்ணில் கொட்டிவிடலாம். நான் வகுப்பில் இவ்வாறு காட்டிய மறுநாள், வீட்டுத் தொட்டியைத் தேய்க்கச் சொல்லி அம்மாவை விடவில்லை என்று மாணவர்கள் பெருமையோடு சொல்லக் கேட்டிருக்கிறேன்.

மூன்றாவது, கொசு ஒழிப்புக்கென்று வீடு வீடாக வருபவர்களை மரியாதையோடு வரவேற்கச் சொல்லுங்கள். அவர்களுள் பலர் நாட்கூலிக்கு உழைப்பவர்கள். நம் வீட்டுப் பெண்களும் அவர்களுள் உண்டு. அவர்களைப் பார்த்துக் கதவைச் சாத்துவது நம் வீட்டுப் பிள்ளையின் முகத்தில் சாத்துவதற்கு ஒப்பாகும்.

டெங்குவுக்கு உள்நாட்டுத் தடுப்பூசி ஒன்றின் மூன்றாம் கட்டச் சோதனை 2024இல் தொடங்கியது. அது வெற்றி பெறட்டும். நமக்கு இன்று கைவசம் இருப்பவை ஒரு துண்டுத் துணியும், ஒரு பிடி தேங்காய் நாரும், வாரத்தில் ஒரு மணி நேரமும். கல்வியால் தலைநிமிர்ந்த சமூகம், தன் பிள்ளைகளை ஒரு சிறு கொசுவிடம் இழக்கலாகாது. வரும் ஞாயிற்றுக்கிழமையே இப்பணியைத் தொடங்குவீர்கள் என நம்புகிறேன்.